சனிக்கிழமை எண்ணெய்

அன்புள்ள விசு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உன் கார்டுகளைப் போல நாலு வரியில் முடிகிற கடிதம் இல்லை இது. களமசேரியில் உன் அறையில் ஒரு நாற்காலியாவது இருக்கும் என்று நம்புகிறேன். அதை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார். உனக்குத் தமிழைவிட மலையாளம் வேகமாகப் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும்.

வடக்கே மாற்றலாகிவிட்டது, மாசி பிறந்ததும் ரயிலேறுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொரு வரி. “ஷெட்டில் கிடக்கும் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. நான் அடுத்த தடவை வரும்போது அது அங்கே இருக்க வேண்டாம்.” பதினோரு வருஷத்தில் அந்த எஞ்சினைப் பற்றி நீ எழுதிய ஒரே வரி அதுதான். அதை நான் பலமுறை படித்தேன். அதில் இருந்த சோர்வு எனக்குப் புரிந்தது. நீ ரயிலேறுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும், விசு. அப்பாவின் எஞ்சினைப் பாழாக்கியவன் நீ என்ற எண்ணத்தோடு நீ அவ்வளவு தூரம் போகக் கூடாது. பாழாக்கியது நீ இல்லை. நான்.

எப்படி என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, தப்பாகப் போன தையலின் மேல் இன்னொரு தையல் போட விடமாட்டார். தப்பு தொடங்கிய இடம் வரை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும், பிரித்த நூலை அவரிடம் காட்டவும் வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் பிரித்துக்கொண்டே போகிறேன், நீ கூடவே வா.

நம் வீட்டுப் பின்புறம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவின் திவசத்துக்கு வருகிறாய், ஆனால் கொட்டகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாய். அதனால் சொல்கிறேன். கிணற்றைத் தாண்டி இருபது அடி நடந்தால் கொட்டகை, கொட்டகையின் அந்தப் பக்கக் கதவு திறந்தால் காயல். மத்தியான வெயிலில் தண்ணீரின் வெளிச்சம் ஓட்டுக்கூரையின் அடிப்பக்கத்தில் ஏறி நெளிந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் காய்கிற வாசனை வரும். அந்த வெளிச்சத்துக்குக் கீழே அப்பா குனிந்து நின்று எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு வேலையும் இல்லாத நாளிலும் துடைப்பார். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில் அவருக்கு. ஆனால் அவர் மனசு கப்பலிலும் இல்லை, காய்கறியிலும் இல்லை. ஒற்றை சிலிண்டர் படகு எஞ்சின் அது. ஓடத் தொடங்கினால் சமையலறை அலமாரியில் என் கண்ணாடி ஜாடிகள் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன்.

நான் உங்கள் இருவரையும் எவ்வளவு படுத்தியிருக்கிறேன்! கொட்டகையிலிருந்து வந்தால் கிணற்றடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவிய கையைப் பின்வாசலில் நீட்ட வேண்டும். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் திரும்ப அனுப்புவேன். அப்பா உன்னைப் பார்த்து, “ஹெட்மிஸ்ட்ரஸ் பாஸ் போட்டாச்சோடா?” என்பார். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாய். அவரை மூன்று தரம் திரும்ப அனுப்பிய நாள்கூட உண்டு. “இவன் கைக்கு இரும்பு இணங்கறது. இவனை எஞ்சினியரிங் படிக்க வைக்கணும்” என்று அவர் என்னிடம் சொன்னதும் அந்த வாசல்படியில்தான். முதலில் நகத்தைச் சுத்தம் செய்யட்டும் என்றேன்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறப்பதற்கு முந்தைய வருஷம், வைகாசியில், முதல் மழையோடு அவர் போனார். போவதற்கு இரண்டு நாள் முன்னால், கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னார்: “எஞ்சினைச் சும்மா போட்டு வைக்கப்படாது. உப்புத்தண்ணியை வடிச்சுடணும். எண்ணெய் விட்டு, வாரத்துக்கு ஒரு தரம் சக்கரத்தைச் சுத்தி விடணும். விசுகிட்ட சொல்லு.” வேறு எதையும் அவர் என்னிடம் ஒப்படைக்கவில்லை. வீட்டைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி இல்லை, என்னைப் பற்றிக்கூட இல்லை. இதைத்தான் சொன்னார்.

அதில் முதல் பாதியை மட்டும் உன்னிடம் சொன்னேன். சூடு தணிக்க எஞ்சினுக்குள் ஓடுகிற காயல் தண்ணீரை வடித்துவிடு என்றேன். மீதியை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அவருடைய கடைசி வார்த்தைகள் என்னிடம் வந்தவை, அவற்றில் கொஞ்சமாவது என் கையால் நடக்கட்டும் என்று தோன்றியது. வருத்தத்துக்கும் பேராசை உண்டு, விசு. அது எனக்கு அப்போது தெரியாது.

ஆனால் நான் எங்கே போக முடியும்? அந்த வருஷம் முழுக்க நான் பின்வாசல்படியைத் தாண்டக் கூடாது. பாலக்காட்டிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் உள்ளறையில் எனக்குப் பாய் போட்டுவிட்டார்கள். கான்வென்டில் இங்கிலீஷில் பரிசு வாங்கினவள் ஒரு பாயளவு இடத்தில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், மழைச் சத்தத்தில் கதவுச் சத்தம் கேட்காது. நான் எழுந்து, பித்தளைக் கரண்டியும் எண்ணெய்த் தூக்குமாக, கிணற்றைத் தாண்டி அந்த இருபது அடியை நடந்துபோவேன். நனைந்த புடவையோடு அந்தக் கொட்டகைக்குள் நின்றால் கனவுக்குள் நிற்பது போலிருக்கும். கூரையில் வெயில் வெளிச்சத்துக்குப் பதில் மழையின் சாம்பல் நிறம் நெளியும். எஞ்சின் அவரைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

அவர் சொன்னது எண்ணெய். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. உன்னிடம் சொல்லச் சொன்ன வார்த்தை அது, உனக்குத் தெரிந்திருக்கும். நான் யோசித்தேன். நன்றாக யோசித்தேன் என்பதுதான் வேடிக்கை. இந்த ஊரார் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் என்பார்கள். அது குளிர்ந்தால் உறையும், மழைக்காலத்தில் இரும்புக்குள் கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் உறையாது. என் அண்ணா கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த செக்கு எண்ணெய், பொன் நிறத்தில், தூக்கு நிறைய இருந்தது. சனிக்கிழமைதோறும் அப்பா தலைக்குத் தேய்த்துக் குளிக்க வாங்கியது. அவர் இல்லாத வீட்டில் அதைத் தொட யாரும் இல்லை. சிலிண்டரின் தலையில் ஒரு சின்னப் பித்தளைக் கோப்பை இருக்குமே, அதன் அடியில் குட்டிக் குழாய், அதைத் திறந்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. அவர் தலையில் வைத்தது போலிருந்தது. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. முதல் சனிக்கிழமை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. அப்பா கடைசி இரண்டு நாளும் விட்ட மூச்சு அப்படித்தான் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தச் சக்கரத்தை நான் தொடவில்லை. எண்ணெய் மட்டும் விட்டேன்.

ஆவணியில் மழை விட்டதும் நீ தொழிலைத் தொடங்கலாம் என்று கொட்டகையைத் திறந்தாய். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாய். அசையவில்லை. உன் சித்தப்பா எர்ணாகுளத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அந்த மனிதன் அடியில் குனிந்து பார்க்காமல், கடப்பாரையைப் போட்டுச் சக்கரத்தை நெம்பிப் பார்த்தான். அரை மணி நேரத்தில் கூடத்துக்கு வந்து, எல்லோருக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னான்.

“உப்புத்தண்ணி உள்ளேயே கிடந்திருக்கு. வடிக்கலை. துருப்பிடிச்சுப் போச்சு.”

“நான் வடிச்சேனே” என்றாய் நீ.

“இதுக்குள்ளே வேற யாராவது ஏதாவது ஊத்தினதுண்டோ?”

“யாரும் அந்தப் பக்கமே போகலை” என்றாய்.

இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது, விசு. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன். எண்ணெய்தான் எஞ்சினைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது, அது சத்தியம். எண்ணெய் காப்பாற்றும் என்றுதான் நம்பினேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் விட்டேன் என்று சொன்னால், வாசல்படி தாண்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பெரியவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். படித்த பெண், ஒழுங்கு தெரிந்தவள் என்று பேர் வாங்கினவள் நான். நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பயந்தவள் இன்னொருவரைத்தான் அதட்டுவாள். கதவுக்குப் பின்னாலிருந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்:

“ஒரு திருகைத் திறந்து தண்ணியை வடிக்க உன்னால ஆகலையா? அப்பா வருஷக்கணக்கா காப்பாத்தினதை மூணு மாசத்திலே கொன்னுட்டே.”

“வடிச்சேம்மா. சத்தியமா வடிச்சேன்.”

“பொய் சொல்லாதே.”

உனக்கு அப்போது இருபது வயது. கிணற்றடிக்குப் போனாய். ஜன்னல் கம்பி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சோப்புப் போட்டாய். மறுபடி போட்டாய். டாக்டர்கள் கழுவுவது போல ஒவ்வொரு விரலாகக் கழுவினாய். பின்வாசலுக்கு வந்து, வழக்கம் போல, இரண்டு கையையும் நீட்டினாய். பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை. அதன் பிறகு உன் நகக்கண்ணில் கறுப்பை நான் பார்த்ததில்லை. எஞ்சினியரிங் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. களமசேரியில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் காகிதங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாய். சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் யந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று ஒருமுறை எழுதினாய். அந்தக் கார்டில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் உன் கார்டுகள் இன்னும் சுருங்கின. இப்படியும் ஒரு தாய்.

இனி இந்த மார்கழியில் நடந்ததுக்கு வருகிறேன். உன் சொல்படி பழைய இரும்புக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். படகின் உடலைத்தான் மறுவருஷமே வைப்பீன் தீவுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே, எஞ்சின் மட்டும் மரக்கட்டைகள் மேல் கிடந்தது. அதை உடைத்துத் துண்டாக்க இரும்புக்காரர் ஓர் ஆளை அனுப்பினார். பைலி என்று பேர். ஐம்பது வயதிருக்கும், அக்கரைக்குப் போகிற பயணிகள் படகில் எஞ்சின் பார்க்கிறவன். சம்மட்டியோடு உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“அம்மியாரே” என்றான். தமிழ்ப் பிராமண வீட்டுப் பெண்ணை இந்த ஊரில் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்! “உடைக்க மனசு வரலை.”

“ஏன்? இரும்புதானே?”

“இரும்புதான். ஆனா செத்த இரும்பு இல்லை, கேட்டோ. பிடிச்சு நிக்குது, அவ்வளவே உள்ளூ.”

“நீ என்ன டாக்டரா, வெளியே நின்னு சொல்றதுக்கு?”

“டாக்டர்மாருக்குத் திறந்து பார்க்கப் பயம். எனக்கு அதில்லை. திறக்கட்டா?”

திற என்றேன். உனக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. சம்மட்டிச் சத்தத்தைக் கேட்கத் தைரியம் இல்லை, அதுதான் காரணம்.

அவனுக்கு ஒரு ஸ்பானர் தேவைப்பட்டது. அப்பாவின் சாமான் பெட்டி கொட்டகை மூலையில் இருந்தது. பதினோரு வருஷமாக நான் திறக்காத பெட்டி. அவன் திறந்தான். “இதென்னா, மருந்துப் பொட்டலமா?” என்று ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். எண்ணெய்க் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, மேலே நீல மையில் உன் கையெழுத்து. “அடித்திருகு. தண்ணீர் முழுவதும் வடித்தது. வைகாசி, வெள்ளிக்கிழமை. மாட்டாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது. விசு.” உள்ளே பித்தளைத் திருகு, அன்று துடைத்தது போலப் பளபளவென்று. ஊறுகாய் ஜாடிமுதல் எல்லாவற்றிலும் பேரும் நாளும் எழுதி ஒட்ட வேண்டும் என்று உனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். நான் சொல்லிக்கொடுத்தபடி நீ எழுதி வைத்திருக்கிறாய். நான்தான் போய்ப் பார்க்கவில்லை. பொய் சொல்லாதே என்ற பிறகு அதைக் கொண்டுவந்து காட்டவும் உனக்கு மனசு வந்திருக்காது. பைலி குனிந்து எஞ்சினின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். “யாரோ நல்ல வேலைக்காரன் வடிச்சிருக்கான். ஒரு துளி உப்பு இல்லை” என்றான். நான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதும் பாதிதான் தெரிந்தது. உன் மேல் தப்பில்லை. அப்படியானால் யார் மேல்?

அவன் சிலிண்டரின் மூடியைக் கழற்றினான். உள்ளே பிஸ்டன் பாதிக் கிணற்றில் நிற்கிற வாளியைப் போல நின்றது, சுற்றிலும் பழுப்பாக ஏதோ பூசினாற்போல. துருதான் என்று நினைத்தான். டீசலும் மண்ணெண்ணெயும் சமமாகக் கலந்து விளிம்பு வரை ஊற்றினான். ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் ஒண்ணுமில்லை. இனி க்ஷமையாக்கும் வேலை.”

“பொறுமையா? எத்தனை நாள்?”

“அது எஞ்சின் சொல்லும்.”

தினமும் மத்தியானம் படகு வேலை முடிந்ததும் வருவான். சக்கரத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. மெதுவாக, தொட்டில் ஆட்டுவது போல. அசையாது. குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றுவான். நான் சக்கரத்தின் விளிம்பிலிருந்து மரக்கட்டை வரை சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மயிரிழை நகர்ந்தாலும் கோடு பிரியும். “அம்மியார் பழைய டீச்சரோ?” என்று கேட்டான். இல்லை, அம்மா என்றேன். முதல் நாள் அவனுக்குக் காபியைக் கிணற்றடிச் சுவரில் தனித் தம்ளரில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை. கடைக்குப் போய் சாயா குடித்துவிட்டு வந்தான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கொட்டகைக்கே கொண்டுபோய் வீட்டுத் தம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு, “சர்க்கரை குறைவு” என்றான்.

பத்து நாளாயிற்று, பதினைந்து நாளாயிற்று. கோடு பிரியவில்லை. எனக்கு அங்கே உட்கார்ந்திருப்பதே பழக்கமாகிவிட்டது. கூரையில் தண்ணீரின் வெளிச்சம் நெளியும். தூரத்தில் கப்பல் ஊதும். சில சமயம் அப்பாவும் நீயும் அந்தப் பக்கம் நின்று பேசிக்கொள்வது போலிருக்கும்; திரும்பினால் பைலி மட்டும் பீடி பிடித்துக்கொண்டிருப்பான். இன்னும் பலமாக இழுக்கக் கூடாதா என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “இழுத்தா வரும், அம்மியாரே. பாதி வரும். பாதி உள்ளேயே நிக்கும்” என்றான். அன்று நான் உன்னைக் கூடத்தில் இழுத்தது நினைவு வந்தது. பாதிதான் என்னிடம் வந்தாய். வருஷத்துக்கு ஒருமுறை திவசத்துக்கு வருகிற பாதி.

பிறகு ஒரு நாள் அவன் சிரட்டைக் கரித் தணலைச் சிலிண்டரின் வெளிப்புறம் சுற்றி வைத்தான். இரும்பு கொஞ்சம் விரிந்தால் இறுக்கம் தளரும் என்றான். ஊற்றியிருந்ததை முதலிலேயே வடித்து, துடைத்து, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தணலை வைத்தான். இரும்பு மெல்லச் சூடேறியது. பைலி மூக்கை உறிஞ்சினான்.

“அம்மியாரே, அடுக்களையில் ஏதோ கரியுது. போய்ப் பாருங்க.”

எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. முதல் இழை வந்தபோதே தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வாசனை, சனிக்கிழமைக் காலையில் கூடம் முழுக்க இருக்கும் வாசனை, குளித்துவிட்டு வரும்போது அவர் தோளில் இருந்த வாசனை.

“அடுக்களையில் இல்லை” என்றேன். “இங்கேதான்.”

அவன் பழுப்பை ஒரு குச்சியால் சுரண்டி மூக்கருகே வைத்தான். முகம் கோணியது. “நல்லெண்ணெய்! எஞ்சினுக்குள்ளே நல்லெண்ணெய் விட்ட முட்டாள் ஆரு?” என்றான். “சும்மா கிடந்தா இது பசையாகும், பசை காய்ஞ்சா அரக்காகும். துருவைக்கூட இளக்கலாம். இதை... தோசை சுடறவன்தான் விட்டிருக்கணும்!”

“தோசை சுடறவள்” என்றேன். “நான்தான்.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. நான் அவனிடம்தான் முதலில் சொன்னேன், விசு, உன்னிடம் இல்லை. பாய், வாசல்படி, சனிக்கிழமைகள், கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட கேள்வி, நீ நீட்டிய கைகள், எல்லாவற்றையும் ஒரு படகுக்காரனிடம் சொன்னேன். அவன் தணலை விசிறிக்கொண்டே கேட்டான். முடித்ததும் எழுந்து, ஒரு மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்து, சுத்தியலால் தட்டினான். அடிக்கவில்லை, தட்டினான், கதவைத் தட்டுவது போல. “இப்ப நீங்க சக்கரத்தைப் பிடிங்க” என்றான்.

பிடித்தேன். அவன் தட்ட, நான் தள்ள, அவன் தட்ட, நான் தள்ள. கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நெல் அகலத்துக்குப் பிரிந்தது. பைலி “ஆ!” என்று கத்தினான். உள்ளேயிருந்து அந்த மூச்சு வந்தது, அதே நீளமான மூச்சு. இந்தத் தடவை நான் கையை எடுக்கவில்லை. அது முடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றியது. என் உள்ளங்கை, நகக்கண், முழங்கை எல்லாம் கறுப்பு.

மறுநாள் தனியாகப் படகேறி எர்ணாகுளத்துக்குப் போனேன், உன் சித்தப்பா வீட்டுக்கு. அன்று கூடத்தில் இருந்தவர்களில் இப்போது இருப்பவர் அவர் ஒருவர்தான். எல்லாம் சொன்னேன்.

“இதைச் சொல்லவா மன்னி இவ்வளவு தூரம்? ஒரு கார்டு போட்டிருக்கலாமே.”

“நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீங்க கேட்டேள். இதையும் நேரிலேயே கேக்கணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். “வடிச்சேன்னு அவன் சொன்னது என் காதிலே இன்னும் இருக்கு, மன்னி. அந்த மெக்கானிக்கைக் கூட்டிண்டு வந்தவன் நான்தானே” என்றார்.

உனக்குப் புத்திமதி சொல்லாமல் நான் ஒரு கடிதமும் முடித்ததில்லை. இதிலும் கொஞ்சம் பொறுத்துக்கொள். வடக்கே குளிர் அதிகம், பஞ்சு மெத்தையை வாரம் ஒருமுறை வெயிலில் போடு. யாராவது உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையை உனக்கென்று பதுக்கி வைக்காதே, சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிடு. நாளைக்கு ஒருத்தியோடு வாழப்போகிறாய்; அவளிடம் பேச வேண்டியதை மூன்று மாதம் பேசாமல் வைக்காதே, ஒரு வாரம்கூட வைக்காதே, நன்றாகப் போகிற நாளிலும் கொஞ்சம் அசைத்துப் பார். ஒருவன் வடித்தேன் என்று சொன்னால், போய்ப் பெட்டியைத் திறந்து பார். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிப்பு உன் வேகத்தில் வரட்டும், வராமலும் போகட்டும். உன் கைகள் நல்ல கைகள். அது மட்டும் நீ ரயிலேறுமுன் உனக்குத் தெரிய வேண்டும்.

எஞ்சின் பழைய இரும்புக்குப் போகவில்லை. பைலி அதைப் பிரித்து, கழுவி, சரியான எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டிவிட்டான். ஒருதடவை ஓட்டிப் பார்க்கலாமே என்கிறான். வாண்டாம், அதுக்கு ஆள் வரணும் என்றேன். “வருவாரோ?” என்றான். தெரியாது என்றேன். அடித்திருகு வேறு ஒன்று கொண்டுவருகிறேன் என்றான், அதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். உன் பொட்டலத்தை அதே மடிப்பில் மடித்து, அதே நூலைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மாட்டாமல் ஓட்டக் கூடாது என்று நீதான் எழுதியிருக்கிறாய். அதுவரை சனிக்கிழமைதோறும் மத்தியானம் நானே போய்ச் சக்கரத்தைக் கால் சுற்றுச் சுற்றி வைக்கிறேன். இப்போது மூச்சுச் சத்தம் வருவதில்லை.

ரயிலுக்கு முன்னால் இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் இருக்கின்றன. நீ வந்தால், ஓட்டிப் பார்த்துவிட்டு நேரே பின்வாசலுக்கு வா. கிணற்றடியில் சோப்பு இருக்காது. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கையைக் கழுவாமலே உள்ளே வரலாம்.

அம்மா